இரு கரவொலிகள்

திரையரங்கிலே எழும் கரவொலி காற்றோடு கலந்து கரைந்து போவது என்று கருதுவோர் உண்டு. காசு கொடுத்தான், கண்டான், களித்தான், கை தட்டினான், வீடு திரும்பினான். இதிலே ஆராய என்ன இருக்கிறது என்பர். நாம் அவ்விதம் கருதவில்லை. ஒரு நாட்டு மக்கள் எதைக் கண்டு அஞ்சுகின்றனர், எவன் வீழ்ந்ததும் ஆர்ப்பரிக்கின்றனர், எவன் பிழைத்ததும் பெருமூச்சு விடுகின்றனர் என்பதைக் குறித்து வைப்போமானால், அந்நாட்டின் வரலாற்றிலே பாதியை எழுதிவிடலாம்.

அமெரிக்க நாட்டிலே எழுந்த இரு கரவொலிகளை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று 1915-இல் எழுந்தது. மற்றொன்று 2017-இல் எழுந்தது. இடையிலே ஓடியவை 102 ஆண்டுகள். முன்னது, கறுப்பன் ஒருவனை வேட்டையாடிக் கொன்ற கூட்டத்தை மீட்பர் என்று போற்றி எழுந்தது. பின்னது, கறுப்பன் ஒருவன் வேட்டையாடுவோரிடமிருந்து தப்பினான் என்று மகிழ்ந்து எழுந்தது. திரை அதே திரை. இருள் அதே இருள். கைகளும் மனிதரின் கைகளே. எனினும் அந்த இரண்டு ஒலிகளுக்கு நடுவே எத்தனை கண்ணீர், எத்தனை குருதி, எத்தனை போராட்டம்!

முதற் கரவொலியின் கதையை முதலில் கேட்போம்.

டி. டபிள்யூ. கிரிஃபித் என்பார் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' 1915 பிப்ரவரித் திங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலே திரைக்கு வந்தது. தாமஸ் டிக்சன் 1905-இல் எழுதிய 'தி கிளான்ஸ்மன்' என்னும் புதினமே அதற்கு மூலம். பெயரோ 'ஒரு தேசத்தின் பிறப்பு'! கதையோ ஒரு பொய்யின் பிறப்பு. அடிமை முறை ஒழிந்தபின் தென்மாநிலங்களிலே கறுப்பர் வாக்குரிமை பெற்றனர், சட்டமன்றம் புகுந்தனர் அல்லவா? அந்தக் காலத்தைக் காட்டுமிராண்டிகளின் ஆட்சி என்று சித்திரித்தது அப்படம். முகத்திலே கரி பூசிய வெள்ளை நடிகர்கள் கறுப்பராக வந்தனர். வெள்ளைப் பெண்ணைத் துரத்தினர். அவள் மலை முகட்டிலிருந்து குதித்து மாண்டாள். உடனே வெள்ளை அங்கியும் முகமூடியும் தரித்த கு குளக்ஸ் கிளான் கூட்டம் குதிரையேறி வருகிறது, குற்றவாளி என்று தானே தீர்ப்பளித்துக் கொல்கிறது, நாட்டைக் காக்கிறது. கொட்டகை அதிர்ந்தது. கண்டவர் எழுந்து நின்று முழங்கினர். இரண்டு டாலர் வரை நுழைவுக் கட்டணம் வைத்தும் கூட்டம் அலைமோதிற்று. பிப்ரவரி 18-ஆம் நாள் அது வெள்ளை மாளிகையிலேயே காட்டப்பட்டது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அமர்ந்து பார்த்தார். அவர் எழுதிய வரலாற்று நூலின் வரிகளையே படத்தின் இடையிடையே அச்சிட்டுக் காட்டியிருந்தனர்!

அது பேய்ப்படம் என்று விளம்பரம் செய்யப்படவில்லை. வரலாற்றுக் காவியம் என்றே பறைசாற்றினர். ஆனால் அமெரிக்கத் திரையிலே பெருங்கூட்டத்தைக் கூட்டிவைத்து அச்சுறுத்திய முதற் பெரும் பேய் எது? கரி பூசிய அந்த முகம்தான். பேயைப் படைத்தவன் வெள்ளையன். பேய் என்ற பெயரைச் சுமந்தவன் கறுப்பன்.

கரவொலி காற்றிலே கரைந்ததா? இல்லை. அவ்வாண்டு நவம்பரில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மலையுச்சியிலே, வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் சிலரைக் கூட்டி, செத்துக் கிடந்த கிளானுக்கு மறுபடி உயிரூட்டினார். அங்கே சிலுவை ஒன்றைக் கொளுத்தினர். தோழர்களே, இதைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். 1860-களில் இருந்த பழைய கிளானுக்குச் சிலுவை கொளுத்தும் வழக்கமே கிடையாது! அது டிக்சனின் கற்பனை. கிரிஃபித் திரையிலே காட்டிய காட்சி. புதினத்திலே பிறந்து, திரையிலே வளர்ந்து, மலையுச்சியிலே மெய்யான நெருப்பாயிற்று. டிசம்பரில் அட்லாண்டா நகருக்குப் படம் வந்தபோது, அந்த விளம்பரத்தின் அருகிலேயே கிளானின் ஆள்சேர்ப்பு விளம்பரமும் இதழ்களிலே வந்தது. அங்கி தரித்த ஆட்கள் தெருவிலே அணிவகுத்தனர். 1920-களின் நடுவிலே அவ்வமைப்பு பல இலட்சம் உறுப்பினரைக் கொண்டு, ஊராட்சியிலிருந்து மாநில ஆட்சி வரை கை நீட்டியது. 2023-இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று, அந்தப் படம் ஊர் ஊராகச் சென்ற வழியைத் தொடர்ந்து சென்று, அது காட்டப்பட்ட மாவட்டங்களிலே கும்பற்கொலையும் இனக் கலவரமும் பெருகியதை எடுத்துக் காட்டியது. கற்பனைதானே, களிப்புதானே என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

கொடுமையைக் கண்டு கறுப்பர் வாளாவிருந்தனரா? இல்லை. 1909-இல் தோன்றிய கறுப்பர் முன்னேற்றச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. நகரந்தோறும் எதிர்த்தது. பாஸ்டன் நகரிலே இதழாசிரியர் வில்லியம் மன்ரோ ட்ராட்டர் கொட்டகை வாயிலிலேயே போராடிக் கைதானார். படத்துக்குப் படத்தாலேயே விடை தருவேன் என்று எழுந்தார் ஆஸ்கார் மிஷோ. அடிமையாயிருந்த பெற்றோரின் மகன், கறுப்பர், 1920-இல் 'விதின் அவர் கேட்ஸ்' என்ற படத்தைத் தந்தார். தூக்கிலே தொங்கவிடப்படும் கறுப்பர் குடும்பத்தையும், கூடிநின்று வேடிக்கை பார்க்கும் வெள்ளையர் கூட்டத்தையும் அதிலே காட்டினார். யார் பேய், யார் மனிதர் என்ற கேள்வியைத் திருப்பி நிறுத்தினார். பயன்? 1919-இல் இனக் கலவரம் கண்ட சிகாகோ நகரிலே, படத்தை அனுமதித்தால் மீண்டும் கலவரம் மூளும் என்று தடுக்கப் பார்த்தனர். கலவரத்தைத் தூண்டிய படம் காவியமாயிற்று. கலவரத்தைக் கண்டித்த படம் கலவரம் என்று பழிக்கப்பட்டது! மிஷோவின் படம் பல்லாண்டுக் காலம் தொலைந்தே போயிற்று. ஸ்பெயின் நாட்டுத் திரைக் காப்பகத்திலே ஒரேயொரு பிரதி கிடைத்து, 1993-இல்தான் செப்பனிடப்பட்டு மீண்டது. ஒடுக்கப்பட்டோர் எழுதும் வரலாறு எங்கே கிடக்கும், எவ்வளவு காலம் கழித்து மீளும் என்பதற்கு அந்தச் சுருளே சான்று.

பின்னர் ஹாலிவுட் பேய்ப்படங்களைப் பெருக்கியது. 1932-இல் 'ஒயிட் ஸோம்பி' வந்தது. ஸோம்பி என்ற சொல்லின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். ஹெய்ட்டித் தீவின் கரும்புத் தோட்டங்களிலே ஆப்பிரிக்க அடிமைகள் மாடாய் உழைத்து மடிந்தனர். மாண்டபின்னாவது ஆவி தாயகம் திரும்பும் என்பது அவர்தம் ஆறுதல். அந்த ஆறுதலையும் பறிக்கும் அச்சமே ஸோம்பி: செத்தவனை எழுப்பி, அறிவற்ற உடலாக்கி, மீண்டும் தோட்டத்திலே வேலை வாங்குவான் சூனியக்காரன்! சாவும் விடுதலை தராத அடிமைத்தனம்! அந்த மக்கள் 1791-இல் கிளர்ந்தெழுந்து, 1804-இல் தம் நாட்டை விடுவித்தனர். அந்த நாட்டை 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை பிடித்து வைத்திருந்தது. அந்த ஆக்கிரமிப்பின் போதுதான் ஸோம்பி கதை அமெரிக்கத் திரைக்கு ஏறியது. ஆனால் அடிமையின் அச்சம் அங்கே யாருடைய அச்சமாக மாறிற்று? சூனியத்தில் சிக்கிய வெள்ளைப் பெண்ணைப் பற்றிய அச்சமாக மாறிற்று. கரும்பாலையைச் சுற்றும் நடைப்பிணங்கள் பின்னணியிலே நின்றனர். துயரத்தைக் கூடக் களவாடும் கலையை ஆதிக்கம் எப்படிக் கற்றிருக்கிறது, பார்த்தீர்களா?

அந்நாளிலே இப்படங்களைக் கறுப்பர் எங்கே அமர்ந்து பார்த்தனர்? தென்மாநிலங்களிலே தனி வாயில், தனிப் படிக்கட்டு, உச்சி மாடத்திலே தனி இருக்கை. 1964-இல் குடியுரிமைச் சட்டம் வரும் வரையில் இந்த இழிவு சட்டத்தின் துணையோடு நின்றது.

அடுத்த திருப்பம் 1968. பிட்ஸ்பர்க் நகரின் இளைஞர் சிலர், ஜார்ஜ் ரொமேரோ தலைமையிலே, 1,14,000 டாலர் அளவான சிறு முதலிலே 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற படம் எடுத்தனர். தலைவன் வேடத்துக்கு டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பரைத் தெரிந்தெடுத்தனர். வந்தவருள் நன்றாக நடித்தவர் அவர். ஆகவே எடுத்தோம் என்றார் ரொமேரோ. கதைப்படி, பிணங்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்கின்றன. ஒரு வீட்டுக்குள் சிக்கியவருள் அறிவோடும் துணிவோடும் இரவெல்லாம் போராடிப் பிழைப்பவன் அந்தக் கறுப்பன் ஒருவனே. பொழுது விடிகிறது. துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கூட்டம் வருகிறது. சாளரத்தருகே அவன் தலை தெரிகிறது. பிணம் என்று சுட்டுத் தள்ளுகின்றனர்! உடலைக் கொக்கியால் இழுத்து நெருப்பிலே போடுகின்றனர். அந்தக் காட்சியை அசையாத புகைப்படங்களாகக் காட்டினார் ரொமேரோ. கும்பற்கொலை செய்துவிட்டுப் பிணத்தருகே நின்று படம் பிடித்து, அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்ற நாடு அது என்பதை அறிந்தவர்க்கு, அந்தப் படங்களின் பொருள் விளங்காமற் போகுமா? முடிந்த படச்சுருளைக் காரிலே ஏற்றிக்கொண்டு ரொமேரோ நியூயார்க் சென்றுகொண்டிருந்த இரவிலேதான், 1968 ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வானொலியிலே வந்தது. இரவெல்லாம் பிணங்களிடமிருந்து தப்பலாம். விடிந்தபின் மனிதரிடமிருந்து தப்ப முடியவில்லை. கொட்டகையிலே கரவொலி எழவில்லை, வாயடைத்து வெளியேறினர்.

இனி 2017-க்கு வருவோம். பிப்ரவரி 24-ஆம் நாள் 'கெட் அவுட்' திரைக்கு வந்தது. 'வெளியே போ' என்பது அதன் பொருள். எழுதி இயக்கியவர் ஜோர்டன் பீல் என்ற கறுப்பர்; அதுவரை நகைச்சுவையிலே பேர் பெற்றிருந்தவர்; இயக்குநராக அவருக்கு அதுவே முதற் படம். முதல் 45 இலட்சம் டாலர். வசூல் 25 கோடி டாலருக்கு மேல். கறுப்பர் பார்த்தனர், வெள்ளையர் பார்த்தனர், ஒருமுறை கண்டவர் நண்பரை இழுத்துக்கொண்டு மறுமுறை சென்றனர்.

படத்திலே பேய் உண்டா? இல்லை. பூதம் உண்டா? இல்லை. பேயை நம்பாத நம் இளைஞர்களுக்கு இது இனிய செய்தியன்றோ! கிறிஸ் என்ற கறுப்பு இளைஞன், காதலியான வெள்ளைப் பெண்ணின் பெற்றோரைக் காண அவர்கள் இல்லம் செல்கிறான். தந்தை மூளை அறுவை மருத்துவர். தாய் மனவசிய மருத்துவர். இனவெறி பேசுவோர் அல்லர்! ஒபாமாவுக்கு மூன்றாம் முறையும் வாக்களித்திருப்பேன் என்று பெருமை பேசுகிறவர் அந்தத் தந்தை. விருந்துக்கு வருவோரும் பண்பாளர்களே. கிறிஸின் தோளைத் தொட்டுப் பார்த்து வலிமையை வியக்கின்றனர். கறுப்பு நிறம் இப்போது நாகரிகம் என்கின்றனர். பிறகு அவனறியாமல், அவனது படத்தை நடுவிலே வைத்து, வாய் திறவாமல் சீட்டுகளை உயர்த்தி ஏலம் விடுகின்றனர்! மனவசியத்தால் அவனை மயக்கி, அவன் உடலுக்குள்ளே வெள்ளையரின் மூளையைப் பொருத்துவது அவர்கள் தொழில். கறுப்பனின் அறிவு அடியாழத்திலே கட்டுண்டு கிடக்கும். கத்தினாலும் குரல் வெளிவராது. உடல் மட்டும் எசமானுக்கு உழைக்கும். ஹெய்ட்டிக் கரும்புத் தோட்டத்து அடிமையின் அதே அச்சம்! 1932-இல் களவாடப்பட்ட அச்சம், 85 ஆண்டு கழித்து உரியவனிடம் திரும்பி வந்தது.

இது மிகைக் கற்பனை என்று சிரிப்போர் வரலாற்றைப் புரட்டட்டும். 1840-களிலே அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில், ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்சி, லூசி முதலான அடிமைப் பெண்களின் உடலிலே மயக்க மருந்தின்றி அறுவைச் சோதனை நடத்தினார். அனார்க்கா ஒருத்தியின் மீது மட்டும் ஏறத்தாழ முப்பது முறை! பெண்மருத்துவத்தின் தந்தை என்று அவருக்குச் சிலை வைத்தனர். நியூயார்க் நகரின் அச்சிலை 2018-இல்தான் அகற்றப்பட்டது. அதே அலபாமாவில், 1932 முதல் 1972 வரை நாற்பதாண்டுக் காலம், அரசின் பொதுநலத் துறையே மேகநோய் பற்றிய 399 கறுப்பரை, நோய் இன்னதென்று சொல்லாமலும், பெனிசிலின் கைக்கு வந்தபின்னும் தராமலும், எப்படிச் சாகின்றனர் என்று பார்த்துக் கொண்டிருந்தது. ஏலமேடை கற்பனையா? உடலைக் களவாடும் மருத்துவம் கற்பனையா? பீல் புதிதாகச் சேர்த்தது மிகச் சிறிது. நாற்காலியிலே கட்டப்பட்ட கிறிஸ், அதன் கிழிசலிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக் காதிலே அடைத்து மனவசியத்திலிருந்து தப்புகிறான். எந்தப் பஞ்சைப் பறிப்பதற்காக அவன் முன்னோர் விலங்கிடப்பட்டனரோ, அந்தப் பஞ்சே அவனை விடுவிக்கிறது!

இறுதிக் காட்சி. கிறிஸ் போராடித் தப்புகிறான். சாலையிலே குருதி தோய்ந்து நிற்கிறான்; அருகே காதலியாக நடித்தவள் வீழ்ந்து கிடக்கிறாள். அப்போது காவல்துறை வண்டியின் சிவப்பும் நீலமுமான விளக்கொளி வருகிறது. வேறு எந்தப் படத்திலும் காவலர் வந்தால் அச்சம் தீரும். இங்கோ, அந்த ஒளியைக் கண்டவுடன்தான் அரங்கம் முழுவதும் நடுங்கியது! 1968-இன் விடியற்காலை எல்லோர் நெஞ்சிலும் நின்றது. வண்டிக் கதவு திறக்கிறது. இறங்குபவன் கிறிஸின் நண்பன், விமான நிலையக் காவற்பணியாளன். அரங்கம் அதிர்ந்தது. அதுதான் நாம் சொன்ன இரண்டாம் கரவொலி. முதலிலே பீல் படமாக்கிய முடிவு வேறு: மெய்யான காவலர் வந்து, கிறிஸைக் கைது செய்து, சிறையிலே அடைப்பர். அதுவே நாட்டு நடப்பு. ஆயினும், நாள்தோறும் நடப்பதையே மீண்டும் காட்டுவதைவிட, ஒருமுறையேனும் அவன் பிழைத்து வீடு திரும்பட்டும் என்று மாற்றினார்.

அந்த நடுக்கத்தின் பொருளை எண்ணிப் பாருங்கள். கறுப்பன் அருகே காவலர் வந்தால் என்ன நேரும் என்பதை, அரங்கிலிருந்த வெள்ளையரும் அறிந்திருந்தனர்! சொற்பொழிவிலே ஒப்புக்கொள்ளத் தயங்குவதை, வழக்குமன்றத்திலே மறுப்பதை, இருட்டிலே ஒரு நொடியில் அவர்தம் நெஞ்சு ஒப்புக்கொண்டது. சமூகக் கருத்துள்ள அச்சப் படத்தின் ஆற்றல் இதுதான். வாதத்துக்கு எதிர்வாதம் கூறலாம். நடுங்கிய நெஞ்சு தனக்கே சாட்சியாகிவிடுகிறது.

ஆகவே வெற்றி கிட்டிவிட்டது என்போமா? 2018 மார்ச்சில் பீல் ஆஸ்கர் பரிசு பெற்றார். மூலத் திரைக்கதைக்காக அப்பரிசு பெற்ற முதற் கறுப்பர் அவரே. அப்பரிசு தோன்றி எத்தனையோ பத்தாண்டுகள் கழிந்தபின் ஒரு முதல்வர்! அதற்கு முன் கோல்டன் குளோப் பரிசுக்கு அதே படத்தை எந்த வகையிலே சேர்த்தனர் தெரியுமா? நகைச்சுவைப் படம் என்று! இரண்டாண்டு கழித்து, 2020 மே 25-ஆம் நாள், மினியாபொலிஸ் நகரின் தெருவிலே ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்திலே காவலரின் முழங்கால் அழுந்தியது. வண்டியிலிருந்து நண்பன் எவனும் இறங்கி வரவில்லை. கும்பற்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதாவை முதன்முதலாக 1900-ஆம் ஆண்டிலே கொண்டுவந்தார் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் என்ற கறுப்பு உறுப்பினர். இருநூறு முறைக்கு மேல் முயன்று, 2022 மார்ச்சில்தான் அது சட்டமாயிற்று. 4,400-க்கு மேற்பட்ட கும்பற்கொலைகள் நடந்து முடிந்தபின்!

2025 ஏப்ரலில் ரயன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' வந்தது. 1932-இன் மிசிசிப்பியிலே குருதி குடிக்கும் பேய்களும் கிளானும் அதிலே வருகின்றன. 1915-இல் குதிரையேறி மீட்பராக வந்த அதே கூட்டம், 110 ஆண்டுக்குப் பின் திரையிலே கறுப்பன் துப்பாக்கியால் வீழ்ந்தது, அரங்கம் ஆர்ப்பரித்தது, 36 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. மகிழ்கிறோம். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் சேர்த்தே கேட்கிறோம்.

1915-இன் கரவொலி ஏன் ஒரு படையாக மாறிற்று? படம் திறம் வாய்ந்தது என்பதால் மட்டுமா? இல்லை. கொட்டகையை விட்டுச் சூடேறி வெளியே வந்தவனுக்காகத் தெருவிலே ஒருவன் காத்து நின்றான். அவன் கையிலே உறுப்பினர் படிவம் இருந்தது. பத்து டாலர் கட்டணம் வாங்கினான், அங்கியைத் தந்தான், கூட்டத்துக்கு நாள் குறித்தான். தீமை தன் கரவொலியை வீணாக்கவில்லை, அறுவடை செய்துகொண்டது. அதே ஆண்டிலே ட்ராட்டரும் அவர் தோழரும் வாயிலிலே நின்று, எதிர்ப்பையும் ஓர் அமைப்பாக்கினர். அந்த விதையும் வீண்போகவில்லை. 1964-இன் சட்டத்துக்குச் செல்லும் நெடும்பாதையிலே அதுவும் ஓர் அடி.

நல்ல படத்துக்குக் கை தட்டுவது நன்று. நடுங்குவது அதனினும் நன்று. ஆனால் ஒபாமாவுக்கு வாக்களித்ததைச் சொல்லி மகிழும் அந்தத் தந்தையும் அரங்கிலே அமர்ந்து கை தட்டியிருப்பார் என்பதை மறத்தல் ஆகாது. கரவொலி யாரும் தரக்கூடிய காணிக்கை. கட்டணம் நுழைவுச் சீட்டோடு முடிந்துவிடும். விளக்கு எரிந்து, திரை வெளுத்து, கதவு திறந்து மக்கள் தெருவுக்கு வரும் அந்த வேளையிலே, வாயிலில் நிற்பவன் யார், அவன் கையிலே இருப்பது என்ன என்பதே வரலாற்றைத் தீர்மானிக்கிறது. 1915-இல் நின்றவனை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. இனி நிற்க வேண்டியவர் யார் என்பதை இளைஞர்கள் தீர்மானிக்கட்டும்!